தூரத்துக் கைகள்

போன ஜனவரியில் என் அண்ணன் மகன் அமெரிக்காவிலிருந்து வந்திருந்தான். திரும்பிப் போவதற்கு முதல் நாள், அண்ணன் படுத்திருக்கும் அறையில் ஒரு கேமராவைப் பொருத்திவிட்டுப் போனான். டெக்சாஸில் உட்கார்ந்துகொண்டே அவன் எந்நேரமும் அப்பாவைப் பார்க்கலாம், பேசலாம், கேமராவின் தலையை இப்படியும் அப்படியும் திருப்பலாம்.

பத்து நாள் கழித்து எனக்கு போன் வந்தது. "சித்தப்பா, கேமரா ஒரே இருட்டா இருக்கு. ஒயர் ஏதாவது போயிடுச்சான்னு கொஞ்சம் போய்ப் பாருங்களேன்."

திருக்கழுக்குன்றம் போய்ப் பார்த்தேன். ஒயர் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கேமராவின் மேல் ஒரு துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. வேலைக்கு வரும் பெண்ணிடம் சொல்லி அண்ணன்தான் போடச் சொல்லியிருக்கிறார்.

அண்ணனுக்கு 76 வயது. மூன்று வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. இடது தோள் முன்பே இறுகிப்போனது. அந்தக் கையை நெஞ்சுக்கு மேல் தூக்க முடியாது. விரல்கள் மட்டும் வேலை செய்யும். பேச்சு கொஞ்சம் குழறும். புத்தி பளிச்சென்று இருக்கிறது.

"என்னண்ணே இது?" என்று துண்டைக் காட்டிக் கேட்டேன்.

"அவன் என்னைப் பாக்கறான். சரி. ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்கு மூக்கு அரிக்குது. அதையும் பாத்துக்கிட்டே இருப்பான். சொறிஞ்சு விடுவானா?"

"அண்ணியை எழுப்பலாமே."

"பகல் பூரா எனக்குத்தான் செய்யறா. மூக்கு அரிக்குதுன்னு அவளை எழுப்பறதா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆனால் வீடு திரும்பும்போது பஸ்ஸில் அதே யோசனையாக இருந்தேன். ஏனென்றால், தூரத்தில் இருக்கும் ஒரு பொருளைத் தொடாமலே தொடுவதுதான் பல வருடங்கள் என் பிழைப்பு. தூரத்துக் கண் இத்தனை மலிவாக, இத்தனை சுலபமாக வீட்டுக்குள் வந்துவிட்டது. தூரத்துக் கை ஏன் வரவில்லை? அந்தக் கையின் கதையைத்தான் இன்று எழுதுகிறேன்.

கல்பாக்கத்தில் நான் வேலை பார்த்த இடத்தை 'ஹாட் செல்' என்பார்கள். உலையில் எரிந்த எரிபொருளை வெளியே எடுத்தால் அதிலிருந்து கதிர்வீச்சு கடுமையாக இருக்கும். மனிதன் பக்கத்தில் போக முடியாது. அதனால் ஒரு மீட்டருக்குக் குறையாத தடிமனில் கான்கிரீட் சுவர் எழுப்பி, அதற்குள் வைத்துத்தான் வெட்டுவது, அளப்பது, சோதிப்பது எல்லாம். உள்ளே பார்க்க ஈயம் கலந்த கண்ணாடி ஜன்னல். அதன் வழியாகப் பார்த்தால் எல்லாமே லேசான மஞ்சளாகத் தெரியும். ஜன்னலுக்கு மேலே சுவரைத் துளைத்துக்கொண்டு இரண்டு குழாய்கள் போகும். குழாயின் இந்தப் பக்கம் நான் பிடிக்கும் இரண்டு கைகள், அந்தப் பக்கம் உள்ளே வேலை செய்யும் இரண்டு கைகள். இதற்குப் பெயர் மாஸ்டர்-ஸ்லேவ் மானிபுலேட்டர். தமிழில் சொன்னால் எஜமான் கை, அடிமைக் கை.

இடையில் இருப்பது எஃகுப் பட்டைகள், கம்பி வடங்கள், கப்பிகள். நான் மணிக்கட்டைத் திருப்பினால் உள்ளே மணிக்கட்டு திரும்பும். நான் விரலை மூடினால் அங்கே இடுக்கி மூடும். முக்கியமான விஷயம், அங்கே இடுக்கி எதையாவது இடித்தால் அந்த இடி இங்கே என் கைக்குத் தெரியும். சேர்ந்த புதிதில் எங்களுக்கு, ஒரு நட்டை எடுத்து போல்ட்டில் மாட்டித் திருகச் சொல்லிப் பயிற்சி கொடுத்தார்கள். வெறும் கையால் ஐந்து விநாடி ஆகும் வேலை. எனக்கு முதல் நாள் அரை மணி நேரம் ஆனது. மூன்று மாதம் போனதும் அந்த இடுக்கி என் சொந்த விரல் மாதிரி ஆகிவிட்டது. 'நான் உள்ளேதான் இருக்கிறேன்' என்ற உணர்வு வந்துவிடும். அதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தக் கைகளுக்கு ஆங்கிலத்தில் செல்லமாக இன்னொரு பெயரும் உண்டு: 'வால்டோ'. எங்கள் சீனியர் ஒருவர் அடிக்கடி இந்தச் சொல்லைப் பயன்படுத்துவார். அது ஏதோ கண்டுபிடித்தவரின் பெயர் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது ஒரு கதையில் வரும் நோயாளியின் பெயர்.

1942ஆம் வருடம் ராபர்ட் ஹைன்லைன் என்ற அமெரிக்க எழுத்தாளர் வேறொரு புனைபெயரில் 'வால்டோ' என்று ஒரு குறுநாவல் எழுதினார். அதில் வரும் வால்டோவுக்குப் பிறவியிலேயே தசைகளில் பலம் இல்லை. மயஸ்தீனியா கிராவிஸ் என்ற தசைத் தளர்ச்சி நோய். ஒரு ஸ்பூனைத் தூக்குவதே அவனுக்குப் பெரும்பாடு. ஆனால் மகா மூளைக்காரன். தன் பலவீனமான விரல்களின் சிறு அசைவைப் பெரிதாக்கிச் செய்யும் இயந்திரக் கைகளை அவனே உருவாக்கிக்கொள்கிறான். சிலது ராட்சதக் கை, சிலது கண்ணுக்குத் தெரியாத அளவு நுணுக்கமான கை. உலகத்துத் தொழிற்சாலைகள் எல்லாம் பிறகு அந்தக் கைகளை அவனிடமிருந்து வாங்கிக்கொள்கின்றன.

தூரத்திலிருந்து இயக்குவது என்ற யோசனை அதற்கும் பழையது. 1898இல் நிக்கோலா டெஸ்லா, நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில், தொட்டித் தண்ணீரில் ஒரு சின்னப் படகை விட்டு, ஒயர் எதுவும் இல்லாமல் ரேடியோ அலையாலேயே ஓட்டிக் காட்டியிருக்கிறார். ஆனால் அது திரும்பும், நிற்கும், விளக்கை எரிக்கும்; அவ்வளவுதான். ஒரு நோயாளி தன் உடம்பின் குறையை ஈடுகட்ட, தானே இயக்கும் கை என்று யோசித்துப் பார்த்த விதத்தில் வால்டோ புதிது. எஜமான் கையைப் பிடித்திருப்பவன் நோயாளிதான் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்ப வருவேன்.

கதையில் நோயாளிக்காகப் பிறந்த கை, நிஜத்தில் அணுவுக்காகத்தான் பிறந்தது. அதே 1942 டிசம்பரில் சிகாகோவில் ஃபெர்மியின் குழு முதல் அணு உலையை இயக்கியது. அதன் வழி வந்த ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் ரேமண்ட் கோர்ட்ஸ் என்ற எஞ்சினியர், 1940களின் இறுதியில், முதல் மாஸ்டர்-ஸ்லேவ் கைகளைச் செய்தார். கல்பாக்கத்தில் நான் பிடித்தவை அவற்றின் பேரன், கொள்ளுப்பேரன் என்று வைத்துக்கொள்ளலாம். 1954 வாக்கில் கோர்ட்ஸ் அடுத்த படிக்கும் போனார். கம்பி வடத்தை எடுத்துவிட்டு இரண்டு பக்கமும் மின்மோட்டார்களை வைத்தார். இந்தப் பக்கத்து அசைவு மின்சாரமாகப் போய் அந்தப் பக்கம் அசைவாகும். அந்தப் பக்கத்து இடியும் மின்சாரமாகத் திரும்பி வந்து இந்தக் கைக்குத் தெரியும். கம்பி வடம் என்றால் சுவருக்கு அந்தப் பக்கம்தான். மின்சாரம் என்றால் எவ்வளவு தூரத்துக்கும் போகலாமே!

போனார்கள். கடலுக்கு அடியில் போனார்கள். 1970 நவம்பரில் ரஷ்யர்களின் லுனோகோட் வண்டி நிலாவில் இறங்கியது. பூமியில் ஐந்து பேர் கொண்ட குழு திரையைப் பார்த்துக்கொண்டே அதை ஓட்டியது. பத்து கிலோமீட்டர் தூரம் ஓடியது. 2001 செப்டம்பர் 7ஆம் தேதி, நியூயார்க்கில் உட்கார்ந்திருந்த ழாக் மரெஸ்கோ என்ற பிரெஞ்சு சர்ஜன், பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் படுத்திருந்த 68 வயது அம்மாவின் பித்தப்பையை ரோபோ கைகளால் எடுத்தார். நடுவில் அட்லாண்டிக் சமுத்திரம்.

நிலாவுக்குப் போன கை, சமுத்திரம் தாண்டி ஆபரேஷன் செய்த கை, அண்ணனின் மூக்கு வரைக்கும் வர முடியாதா என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் சங்கதி இருக்கிறது.

முதல் சிக்கல், தாமதம். நிலாவுக்கு ரேடியோ அலை போய்த் திரும்ப இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். கையை அசைத்துவிட்டு, அது அசைந்ததா என்று தெரிய இரண்டரை விநாடி காத்திருக்க வேண்டும். 1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெரல், ஷெரிடன் என்ற இருவர் இதை ஆராய்ந்தார்கள். இப்படித் தாமதம் வரும்போது மனிதன் தானாகவே ஒரு பழக்கத்துக்கு வந்துவிடுகிறான்: கொஞ்சம் அசைப்பான், நிற்பான், பார்ப்பான், மறுபடி கொஞ்சம் அசைப்பான். வேலை நடக்கும், ஆனால் நத்தை வேகம். அதற்கு அவர்கள் சொன்ன வழி, ஒவ்வொரு அசைவையும் நீ ஓட்டாதே. 'அங்கே போ, அதை எடு' என்று மட்டும் சொல். சின்னச் சின்ன அசைவை இயந்திரம் தானே பார்த்துக்கொள்ளட்டும். மேஸ்திரி சித்தாளிடம் வேலை வாங்குகிற மாதிரி. அந்தச் சித்தாளுக்கு அந்த அளவு புத்தி வர இன்னும் பல வருடங்கள் ஆயின.

இரண்டாவது சிக்கல் வீடுதான். ஹாட் செல்லுக்குள் நான் வைத்த பொருள் நான் வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். நான் தொட்டாலொழிய எதுவும் நகராது. வீடு அப்படியா? காலையில் மேஜையில் இருந்த டம்ளர் மத்தியானம் ஜன்னலில் இருக்கும். தரை ஈரமாக இருக்கும். செருப்பு குறுக்கே கிடக்கும். கரண்ட் போகும். அப்புறம், சர்ஜனுக்குப் பக்கத்திலேயே ஒரு குழு நிற்கிறது. அண்ணனுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் இல்லை. நான் இடுக்கியால் பிடித்தது இரும்புக் குழாய். இங்கே பிடிக்க வேண்டியது மனிதனின் கன்னம். கொஞ்சம் அதிகமாக அழுத்தினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இருந்தாலும் சிலர் முயன்றார்கள். கலிபோர்னியாவில் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் என்று ஒரு மருத்துவமனை. போலியோ நோயாளிகளைப் பார்ப்பதில் பெயர் பெற்ற இடம். அங்கே 1960களில், கை விழுந்தவர்களின் கையைத் தாங்கி அசைக்கும் மோட்டார் கையைச் செய்தார்கள். கை கால் எதுவும் அசையாதவர் அதை எப்படி இயக்குவது? நாக்கால். வாய்க்கு முன்னால் சின்னச் சின்ன சுவிட்சுகள். ஒன்று தோளுக்கு, ஒன்று முழங்கைக்கு, ஒன்று மணிக்கட்டுக்கு என்று ஒவ்வொன்றாக நாக்கால் தட்ட வேண்டும். ஒரு வாய் சோறு வாய்க்கு வருவதற்குள் எத்தனை தட்டு தட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனாலும் அதைத் தட்டியது நோயாளிதான்.

1987இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் மைக் டாப்பிங் என்பவர் இன்னும் எளிமையாக ஒன்று செய்தார். மூளை முடக்குவாதம் உள்ள பதினோரு வயதுப் பையன் ஒருவன், யாரும் ஊட்டாமல் தானே சாப்பிட வேண்டும். அதுதான் நோக்கம். தட்டில் சாப்பாட்டை வரிசை வரிசையாகப் பிரித்து வைத்திருக்கும். பின்னால் ஒரு விளக்கு ஒவ்வொரு வரிசையாக எரிந்துகொண்டே நகரும். தனக்கு வேண்டியது வரும்போது பையன் ஒரே ஒரு சுவிட்சை அழுத்தினால் போதும். இயந்திரக் கை அதை ஸ்பூனில் அள்ளி வாய்க்கு அருகே கொண்டுவரும். 'ஹாண்டி 1' என்று அதற்குப் பெயர்.

ஊட்டிவிட ஆள் இல்லாமலா இதைச் செய்தார்கள்? இல்லை. ஆனால் ஊட்டுபவர் எதை முதலில் ஊட்டுவது, எப்போது அடுத்த வாய் என்று தானே முடிவு செய்துவிடுவார். எவ்வளவு அன்பாக ஊட்டினாலும் அப்படித்தான். இப்போது உருளைக்கிழங்கா, பட்டாணியா என்பதைப் பையனே தீர்மானிக்கிறான். முதல் தடவையாக.

இதற்கு அப்புறம் இந்தக் கதை இரண்டு பாதையாகப் பிரிகிறது.

ஒரு பாதையில், வெளியில் இருப்பவர் வீட்டுக்குள் வருகிறார். ஸ்வீடனில் 'ஜிராஃப்' என்று ஒரு ரோபோ செய்தார்கள். சக்கரம் வைத்த அடித்தளம், அதன் மேல் ஒரு கம்பம், கம்பத்தின் தலையில் திரையும் கேமராவும். ஊரில் வேறெங்கோ இருக்கும் மகளோ நர்ஸோ கம்ப்யூட்டரில் மவுஸைப் பிடித்து, அப்பாவின் வீட்டுக்குள் அதை ஓட்டிக்கொண்டு போகலாம். சமையலறையில் எட்டிப் பார்க்கலாம். எதிரே நின்று முகம் பார்த்துப் பேசலாம். பேசி முடித்ததும் சார்ஜர் இருக்கும் இடத்துக்கு ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டு வர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி உதவியோடு 2010 முதல் சில வருடங்கள் இத்தாலி, ஸ்பெயின், ஸ்வீடன் நாடுகளில் முதியோர் வீடுகளில் வைத்துப் பார்த்தார்கள். தனியாக இருப்பவருக்கு எதிரே ஒரு முகம் நடந்து வருவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அதற்குக் கை கிடையாது. ஓட்டும் பிடியும் வீட்டுக்காரரிடம் இல்லை. என் அண்ணன் மகன் மாட்டிய கேமராவுக்குச் சக்கரம் வைத்த மாதிரிதான்.

இன்னொரு பாதையில், படுத்திருப்பவரே ஓட்டுகிறார். இந்தப் பாதையில் நடந்தவர்களில் எனக்குப் பிடித்தவர் ஹென்றி எவன்ஸ். கலிபோர்னியாக்காரர். ஒரு கம்பெனியில் நிதி அதிகாரி. 2002இல், 40 வயதில், மூளைத்தண்டில் ஸ்ட்ரோக் வந்து கை கால் பேச்சு மூன்றும் போய்விட்டன. ஆரம்பத்தில் எழுத்து அட்டையைக் கண்ணால் பார்த்து ஒவ்வோர் எழுத்தாகச் சொல்வாராம். பிறகு தலையைக் கொஞ்சம் அசைக்கவும் ஒரு விரலை அசைக்கவும் முடிந்தது. தலையசைவால் கம்ப்யூட்டரில் அம்பை நகர்த்தி, விரலால் அழுத்தக் கற்றுக்கொண்டார்.

2010இல் டி.வி.யில் ஒரு ரோபோவைப் பார்த்திருக்கிறார். ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் சார்லி கெம்ப் என்ற பேராசிரியர் அதில் பேசிக்கொண்டிருந்தார். 'வில்லோ கராஜ்' என்ற கம்பெனி செய்த பிஆர்2 என்னும் ரோபோ அது. இரண்டு கை, சக்கரக் கால், ஆள் உயரம், விலை நாலு லட்சம் டாலர். பார்த்தவுடன் எவன்ஸுக்கு ஒன்று தோன்றியது. இது என் உடம்பாக ஏன் இருக்கக் கூடாது? அவராகவே கெம்புக்குக் கடிதம் எழுதினார். 'மனிதகுலத்துக்காக ரோபோக்கள்' என்ற பொருளில் பெயர் வைத்து ஒரு கூட்டு முயற்சி தொடங்கியது.

அவர் ரோபோவைக் கொண்டு முதலில் செய்தவற்றில் ஒன்று என்ன தெரியுமா? முகத்தைச் சொறிந்துகொண்டது. 2002க்குப் பிறகு, யாரிடமும் கேட்காமல், தானே. பிறகு தானே ஷேவ் செய்துகொண்டார்.

அதை எப்படிச் செய்தார்கள் என்பதில்தான் பழைய மேஸ்திரி - சித்தாள் பாடம் வருகிறது. எவன்ஸ் ஒவ்வொரு மூட்டையும் ராஞ்சோ கை மாதிரித் தட்டிக்கொண்டிருக்கவில்லை. திரையில் ஒரு தலையின் உருவம் தெரியும். கன்னத்தில் இந்த இடம் என்று அவர் அம்பை வைத்து அழுத்தினால், ரோபோ அந்த இடத்துக்கு மெதுவாக ரேசரைக் கொண்டுபோகும். எங்கே, எப்போது, போதுமா என்பது அவர் முடிவு. எப்படிப் போவது என்பது இயந்திரத்தின் வேலை.

ஆனால் நாலு லட்சம் டாலர் ரோபோவை யார் வீட்டில் வாங்கி வைப்பது? படுக்கைக்கும் சுவருக்கும் நடுவில் அது நுழையவும் வேண்டுமே. 2014இல் வில்லோ கராஜ் கடையையும் மூடிவிட்டது. நம் வீட்டு மிக்ஸி கம்பெனி மூடிவிட்டால் அம்மியில் அரைக்கலாம். கை கால் மாதிரி நம்பியிருந்த இயந்திரத்தின் கம்பெனி மூடிவிட்டால் என்ன செய்வது? இந்தத் துறையில் அடிக்கடி நடப்பது இது.

கெம்ப் விடவில்லை. ஆரன் எட்சிங்கர் என்பவரோடு சேர்ந்து 2017இல் வேறொரு கம்பெனி தொடங்கினார். 2020இல் 'ஸ்ட்ரெட்ச்' என்ற ரோபோ வந்தது. மனிதன் மாதிரியே இருக்காது. தரையில் ஒரு சின்ன சக்கரப் பலகை, அதில் ஒரு கம்பம், கம்பத்தில் மேலும் கீழும் ஏறி இறங்கி, நீண்டு சுருங்கும் ஒரே ஒரு கை. எடை 23 கிலோ. ஒருவர் தூக்கிக் காரில் வைத்துவிடலாம். வெளிவந்தபோது விலை இருபதாயிரம் டாலருக்குக் கொஞ்சம் கீழே. நமக்கு அதுவும் பெரிய காசுதான், ஆனாலும் பிஆர்2 விலையில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதை எவன்ஸ் வீட்டில் நாள்கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். போர்வையை விலக்கிக்கொள்வது, முகத்தைத் துடைத்துக்கொள்வது என்று சின்னச் சின்ன வேலைகளைப் படுக்கையிலிருந்தே அவர் செய்துகொண்டார். நம்மில் எவரும் ஒரு நாளில் எத்தனை தடவை போர்வையை இழுத்துவிட்டோம் என்று கணக்கு வைப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒருவரைக் கூப்பிட வேண்டியிருந்தால் அந்தக் கணக்கு தெரியும். அண்ணனுக்குத் தெரியும்.

ஜப்பானில் இதையே தலைகீழாகப் போட்டுப் பார்த்தார் ஒருவர். யோஷிஃபுஜி கென்டாரோ என்ற அவர் சிறுவயதில் உடம்பு சரியில்லாமல் மூன்று வருடங்களுக்கு மேல் பள்ளிக்கூடம் போக முடியாமல் கிடந்தவர். படுத்திருப்பவருக்குக் கை வேண்டும் என்பதைவிட, தான் இல்லாத இடத்தில் தனக்கு ஓர் உடம்பு வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. 'ஒரிஹிமே' என்ற ரோபோவைச் செய்தார். அந்த ஊர்ப் புராணத்தில் நெசவு நட்சத்திரத்தின் பெயர். 2018 நவம்பரில் டோக்கியோவில் ஒரு காபிக் கடையைச் சில நாட்கள் நடத்திப் பார்த்தார்கள். 2021 ஜூனில் நிஹோன்பாஷி பகுதியில் நிரந்தரமாகவே திறந்தார்கள். அங்கே காபி கொண்டுவந்து கொடுப்பவை ரோபோக்கள். அவற்றை இயக்குபவர்கள் வீட்டில், படுக்கையில் இருப்பவர்கள். முதுகெலும்பில் அடிபட்டவர்கள், தசைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துபோகும் ஏ.எல்.எஸ். நோய் உள்ளவர்கள். சிலர் கண்ணசைவாலேயே இயக்குகிறார்கள். வேலைக்குச் சம்பளமும் உண்டு. வாடிக்கையாளரிடம் அவர்கள் உதவி கேட்கவில்லை, அவர்கள்தான் பரிமாறுகிறார்கள்.

இப்போது நடப்பதற்கு வருகிறேன். 2025 அக்டோபரில், நார்வேயில் தொடங்கி இப்போது கலிபோர்னியாவில் இருக்கும் 1எக்ஸ் என்ற கம்பெனி, 'நியோ' என்ற மனித உருவ வீட்டு ரோபோவுக்கு முன்பதிவு தொடங்கியது. விலை இருபதாயிரம் டாலர். துணி மடிக்கும், கதவு திறக்கும் என்கிறார்கள். ஆனால் அதற்குத் தெரியாத வேலை வந்தால், கம்பெனி ஆள் ஒருவர் எங்கோ உட்கார்ந்து, கண்ணில் கவசத் திரையை மாட்டிக்கொண்டு, ரோபோவின் கண்ணால் உங்கள் வீட்டைப் பார்த்து, அதன் கையால் அந்த வேலையைச் செய்வார். வீட்டுக்காரர் அனுமதி கொடுத்த நேரத்தில் மட்டும்தான், போகக்கூடாத அறைகளைக் குறித்துவைக்கலாம், ஆட்களின் உருவத்தை மங்கலாக்கலாம் என்றெல்லாம் ஏற்பாடு இருக்கிறது. இருந்தாலும் அங்கேயே பலர் முகம் சுளித்திருக்கிறார்கள்.

ஹாட் செல்லில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. நான் கைகளை உள்ளே விட்ட இடத்தில் மனிதர் யாரும் இல்லை. உள்ளே இருந்த எரிபொருள் குச்சிக்கு வெட்கம் கிடையாது. என்னைப் பார்த்து 'இப்போது வேண்டாம், பிறகு வா' என்று அது சொல்லாது. அந்த ஏற்பாட்டில் எஜமான் யார், அடிமை யார் என்பதில் எந்தக் குழப்பமும் இல்லை. அதே ஏற்பாட்டை, உடை மாற்ற உதவி தேவைப்படும் ஒருவரின் படுக்கையறையில் அப்படியே வைத்தால் குழப்பம் வரத்தான் செய்யும். அங்கே உள்ளே இருப்பவர் மனிதர்.

எண்பது வருடக் கதையைத் திருப்பிப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான். கண்ணும் சக்கரமும் சீக்கிரம் வந்துவிட்டன. கை மெதுவாகத்தான் வருகிறது. நம் தெருவுக்கு வர இன்னும் நாளாகும். ஆனால் கை வந்தாலும் வராவிட்டாலும், பிடி யாரிடம் இருக்கிறது என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்க வேண்டியிருக்கிறது. நாக்கால் சுவிட்சைத் தட்டிய நோயாளி, விளக்கைப் பார்த்து அழுத்திய பையன், எவன்ஸ், டோக்கியோவில் காபி கொடுப்பவர்கள் எல்லாருக்கும் வேலை மெதுவாகத்தான் நடக்கிறது. பக்கத்தில் ஒருவர் இருந்தால் கால்வாசி நேரத்தில் செய்து முடித்துவிடுவார். ஆனாலும் அவர்கள் அதை விடவில்லை.

இதையெல்லாம் ஒரு ராத்திரி அண்ணன் மகனிடம் போனில் சொன்னேன். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "சித்தப்பா, போன வருஷம் அப்பா கட்டில்லேருந்து சரிஞ்சு கிடந்தது அம்மாவுக்கே காலையிலதான் தெரிஞ்சது. நான் பதினஞ்சாயிரம் கிலோமீட்டர்ல இருக்கேன். பாக்கவாவது விடுங்களேன்." அவன் குரல் கம்மிவிட்டது. பார்க்க மட்டுமே முடிகிறவனின் வேதனை அது. அதை நான் யோசிக்கவே இல்லை.

அடுத்த வாரம் என் பழைய டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலின் இடது பக்கச் சட்டத்தில், அண்ணனின் விரல் எட்டும் இடத்தில், இரண்டு சுவிட்சுகள் வைத்தேன். ஒன்று கேமராவுக்குப் போகும் கரண்டுக்கு. அது எரியும்போது எதிர்ச் சுவரில் ஒரு சிவப்பு விளக்கும் எரியும். இன்னொன்று காலிங் பெல். அண்ணி தலைமாட்டிலும் பக்கத்து வீட்டிலும் அடிக்கும். அண்ணன் இரண்டையும் நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்துவிட்டார். மறுநாள் கட்டிலின் இரண்டு பக்கமும் சட்டத்தை உயர்த்தினேன். மகனும் ஒருவாறு சம்மதித்தான்.

மூக்குக்கும் ஒன்று செய்தேன். மோட்டார் இல்லை, ரோபோ இல்லை. வளைத்த கம்பி ஒன்றின் நுனியில் பஞ்சு வைத்துத் துணி சுற்றி, தலைமாட்டில் முகத்துக்குப் பக்கவாட்டில் நிற்கிற மாதிரி இறுக்கிவைத்தேன். கை முகத்துக்கு வர முடியாவிட்டால் முகம் கைக்குப் போகட்டும் என்று கணக்கு. முதல் நாள் உயரம் சரியில்லை. கம்பி கண்ணருகே உரசியது. இரண்டு விரல்கடை கீழே இறக்கினேன். இப்போது அண்ணன் தலையைத் திருப்பித் தானே தேய்த்துக்கொள்கிறார். துணியை மட்டும் வேலைக்கு வரும் பெண் தினமும் மாற்றுகிறாள்.

துண்டு கேமராவிலிருந்து இறங்கிவிட்டது. பெரும்பாலும் சிவப்பு விளக்கு அணைந்தேதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, அங்கே சனிக்கிழமை ராத்திரி, அண்ணன் முகம் துடைத்து, திருநீறு இட்டுவிடச் சொல்கிறார். சட்டை போட்டுவிடச் சொல்கிறார். அப்புறம் இடது கைச் சுண்டுவிரலால் சுவிட்சை அழுத்துகிறார்.

"பாத்துக்கடா," என்கிறார், மகனிடம்.